அக்கா பெயரில் ஒரு சவாரி

அத்தியாயம் 9

ஒன்பது நாட்களாகப் புரோத்ராபூர் மைதானத்தில் சுபிதாவை எல்லோரும் ஜாக்குலின் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்பது நாட்களாகியும் அந்தப் பெயருக்கு உடனே திரும்ப அவளுக்குப் பழகவில்லை. சற்றுத் தாமதித்துத்தான் திரும்புவாள். கூச்சம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கூச்சமும் உண்டுதான்.

ஜாக்குலின் அவளுடைய அக்கா. ஒரு வயது மூத்தவள். கார் நிக்கோபாரில் ஓர் அலுவலகத்தில் காண்டிராக்ட் வேலை பார்க்கிறாள். தன் பெயர் புரோத்ராபூரில் குதிரை ஏறிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

ஹேவ்லாக்கில் புதிதாகத் திறக்கப்போகும் ரிசார்ட் ஒன்று, கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரைமேல் வைத்து நடத்திக்கொண்டு போக ஆள் எடுக்கிறது. பத்து நாள் இலவசப் பயிற்சி. முடிவில் மூன்று பேருக்கு வேலை, தங்க அறை. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். தீவுவாசி அட்டை வேண்டும். சுபிதா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அட்டையும் தொலைந்துபோயிருந்தது.

அம்மா சூசைமேரிதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மூத்தவளின் மார்க் ஷீட்டையும், அலுவலக அட்டை போதும் என்று அவள் விட்டுப்போயிருந்த தீவுவாசி அட்டையையும் எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. போட்டோவ எவன் உத்துப் பாக்கப்போறான்?"

ஒருத்தியின் அட்டையில் இன்னொருத்தி கப்பலேறுவது அந்த வீட்டில் பழக்கம்தான். போன கிறிஸ்துமஸுக்குச் சுபிதா ரங்கத் போய்வந்ததும் அப்படித்தான். கப்பலுக்குச் சரியாக வந்தது குதிரைக்கும் சரியாக வரும் என்று சூசைமேரி நினைத்தாள்.

இன்று பத்தாம் நாள். இன்றுதான் தேர்வு.

*

இரவு பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று கிடந்தது. சுபிதா சேணத்தைத் தூக்கிப் பிஜிலியின் முதுகில் வைத்தாள்.

பிஜிலி, செம்பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. இந்தியில் பிஜிலி என்றால் மின்சாரம். சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. வந்த முதல் வாரம் தீவனத்தைத் தொடவே இல்லையாம். யார் என்ன சொன்னாலும் தனக்குத் தோன்றினால்தான் நடக்கும்.

"பிஜிலின்னு பேரு வச்சா வேற எப்படி இருக்கும்?" என்று முதல் நாளே சொன்னவன் கௌதம். பக்கத்துப் பாக்குத் தோட்டத்தில் வேலை பார்த்தவன், இப்போது சுபிதாவோடு பயிற்சியில் இருப்பவன். "நம்ம ஊரு கரண்டு மாதிரிதான். வந்தா வரும். இல்லன்னா உக்காந்து இந்தஜார் பண்ணணும், காத்துக் கெடக்கணும்."

அதே முதல் நாளில்தான் சுபிதா விழுந்தாள். பிஜிலி அவளைத் தள்ளவெல்லாம் இல்லை. சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வாரைச் சுபிதா பலம்கொண்ட மட்டும் இழுத்து, நாலாவது ஓட்டையில் மாட்டினாள். இறுக்கமாகத்தான் இருந்தது. இடது காலை இரும்பு வளையத்தில் வைத்து உடம்பைத் தூக்கினாள். சேணம் அப்படியே பக்கவாட்டில் சரிந்து வயிற்றுக்கடியில் போனது. சுபிதா முதுகு தரையில் பட மல்லாந்து விழுந்தாள். மூச்சு நின்று வந்தது.

பயிற்சி தரும் ப்ரியங்கா ஓடி வரவில்லை. நிதானமாக நடந்து வந்து மேலிருந்து பார்த்தாள். சென்னைக்காரி. சுபிதாவைவிட ஆறேழு வயது கூட இருக்கும். நடக்கப் பழகியபோதே குதிரை ஏறப் பழகியவள்.

"ஏமாத்திட்டாளா? வார இறுக்கும்போது மூச்ச இழுத்து வயித்த உப்பிக்குவா. நீ டைட்டா இருக்குன்னு நம்பிடுவ. அப்புறம் மூச்ச விட்டுடுவா. பத்தடி நடத்து. நடத்திட்டுத் திரும்ப இறுக்கு."

பத்தடி நடத்திவிட்டுப் பார்த்தபோது வாருக்குள் கை நுழைந்தது. ஆறாவது ஓட்டைவரை போனது.

இரண்டு நாள் முதுகு வலித்தது. ஆனால் பிஜிலிமேல் சுபிதாவுக்குக் கோபம் வரவில்லை. யாராவது இறுக்க வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது அவளுக்கும் தெரிந்த வித்தைதான்.

இரண்டாவது பாடம் குரல். "வாய்க்குள்ளயே பேசாத ஜாக்குலின். எனக்குக் கேக்கலன்னா பரவாயில்ல, குதிரைக்குக் கேக்கணும்" என்று ப்ரியங்கா தினமும் கத்தினாள். வீட்டில் சுபிதா கேட்டு வளர்ந்தது நேர் எதிரானது. பைய பேசு, அடுத்த வீட்டுக்குக் கேக்கும். நாலாம் நாள் வெயிலும் எரிச்சலும் சேர்ந்து, "நட!" என்று ஒரு குரல் அவளிடமிருந்து வெளிப்பட்டது. நாலு ஆண்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. பிஜிலி நடந்தது.

இன்று நாலாவது ஓட்டையில் மாட்டி, பத்தடி நடத்தி, ஆறாவது ஓட்டைக்கு இறுக்கினாள். பிஜிலி பெருமூச்சு விட்டது.

"ஜாக்குலின், டென்ஷன் மத் லோ, பயப்படாத," என்றான் கௌதம். "எட்டு பேர்ல நீ ஒரு பொண்ணுதான் மிச்சம். உனக்கு எப்படியும் சீட்டு உண்டு. நாங்கதான் அடிச்சுக்கணும்."

சுபிதா லேசாகச் சிரித்தாள். ஹேவ்லாக்கில் தங்க அறை என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அந்த அறையில் உட்கார்ந்து படிக்க ஒரு மேசை இருக்குமா என்பதுதான் பத்து நாளாக அவள் யோசனை.

*

அதே நேரத்தில், குட்வில் எஸ்டேட்டில் சுபிதாவின் குடும்பம் வாடகைக்கு இருக்கும் பின்கட்டு வீட்டின் முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

சூசைமேரி எட்டிப் பார்த்தாள். ஜாக்குலின் இறங்கினாள். கப்பலில் தூங்காத முகம். ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், ஒரு டேபிள் ஃபேன்.

சூசைமேரியின் கண் ஃபேனில் நின்றது. லீவில் வருகிறவர்கள் ஃபேனைக் கொண்டு வருவதில்லை.

"லீவாக்கும் மக்களே?"

"லீவும் இல்ல கீவும் இல்ல. கான்ட்ராக்ட் முடிஞ்சுட்டு. ரினியூ பண்ணல்ல."

"போன்ல ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொன்னா என்ன செய்திருப்ப? கப்பல் புடிச்சு வந்து கூட உக்காந்து அழுதிருப்பியா?"

ஜாக்குலின் முகம்கூடக் கழுவவில்லை. நேரே டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஞானஸ்நானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, அப்பாவின் படகுக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள்.

"எனக்க டென்த் மார்க் ஷீட்டு எங்க?"

"சாயா குடி முதல்ல."

"அம்மா. வேற எங்கயாவது அப்ளிகேஷன் போடணும்னா அது வேணும். எங்க?"

சூசைமேரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை.

ஜாக்குலின் முதலில் சிரித்தாள். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

"குதிரையா? நம்ம சுபியா? கோழி கொத்த வந்தா கட்டிலு மேல ஏறுறவளா?" பிறகு சிரிப்பு நின்றது. "எனக்க பேரு வச்சா?"

"அவ யாரு, உனக்க கூடப்பொறந்தவதானே."

"விழுந்து காலு ஒடிஞ்சா? கடுதாசியில ஒடிஞ்சது எனக்க காலாக்கும். அங்க அவ வேலையில சேந்துட்டா, நாளைக்கு நான் எங்க போய் நிப்பேன்? நீதான் ஏற்கெனவே ஒரு எடத்துல வேலை பாக்கிறியேம்மான்னு கேப்பானா மாட்டானா?"

சூசைமேரி இதை யோசித்திருக்கவில்லை. கப்பலென்றால் இறங்கியதும் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"அவளுக்கும் ஒண்ணு வேண்டாமா மக்களே? ஏழு வருசமா எங்கூட இந்த அடுப்படியில கெடக்கா."

"அவள நிறுத்தினது நீ. நான் நிறுத்தச் சொல்லல்ல."

அது உண்மை. அந்த வருடம் சூசைமேரிக்கு நெஞ்சில் சளி கட்டி நாலு மாதம் ஆஸ்பத்திரி. மூத்தவள் பத்தாவது, இளையவள் ஒன்பதாவது. "அவளுக்குப் பப்ளிக் பரீட்சை. நீ ஒரு வருசம் நில்லு மக்களே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னது சூசைமேரிதான். சுபிதா நின்றாள். விடியுமுன் எழுந்து படிக்கிற அக்காவுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். அக்கா முதல் வகுப்பில் தேறினாள். அந்த ஒரு வருடம் மட்டும் முடியவே இல்லை.

ஜாக்குலின் செருப்பை மாட்டினாள்.

"சாயா ஆறுது."

"ஆறட்டும்."

அப்பா மத்தியாஸ் படகோடு டிக்லிப்பூர்ப் பக்கம் போய் ஐந்து நாளாகிறது. இருந்திருந்தாலும் இப்படிப்பட்ட நேரத்தில் வலையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பார்.

*

மூன்று சுற்று நடை. மூன்று சுற்று, 'ட்ராட்' என்று ப்ரியங்கா சொல்லும் ஓட்டநடை. பிறகு சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தி இறங்க வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

நடை எளிது. ஓட்டநடைதான் புதியவர்களின் எலும்பை எண்ணிக் காட்டும். குதிரை தூக்கிப் போடும்போது அதற்கு முன்பே எழுந்துகொள்ள வேண்டும். அது இறங்கும்போது கூடவே உட்கார வேண்டும். கணக்கு தப்பினால் முதுகுத்தண்டில் உலக்கை விழும். ஆறு நாட்கள் சுபிதாவுக்குத் தப்பியது. ஏழாம் நாள் எண்ணுவதை நிறுத்தினாள். சரியாக வந்தது.

இன்றும் எண்ணவில்லை. பிஜிலியின் காதுகளுக்கு நடுவே பாக்கு மரங்களைப் பார்த்தபடி எழுந்தாள், உட்கார்ந்தாள்.

இரண்டாவது சுற்றில் வேலியோரம் நீலச் சுடிதாரில் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. முகம் தெரியுமுன்பே நிற்கிற விதம் தெரிந்துவிட்டது. ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிற்பாள் அக்கா.

சுபிதாவின் குதிகால் தானாக மேலே எழும்பியது.

"ஹீல் டவுன்!" ப்ரியங்கா கத்தினாள்.

அப்போதுதான் ஹெலிகாப்டர் வந்தது. தினமும் எங்கோ தள்ளிப் போவது, இன்று பாக்கு மரங்களின் தலையை உரசுவதுபோல் தாழ்ந்து வந்தது. கௌதமின் குதிரை அவனைக் கீழே தள்ளி, கடிவாளத்தோடு அவனையும் இழுத்துக்கொண்டு வேலியின் வாசல் வழியாகத் தோப்புக்குள் ஓடியது. "அரே, ருக்கோ! நில்லு டா!" என்று அவன் குரல் மட்டும் தோப்புக்குள்ளிருந்து கேட்டது. பிஜிலி கழுத்தைத் தூக்கி, பக்கவாட்டில் துள்ளியது.

சுபிதா சேணத்தில் ஆழ உட்கார்ந்தாள். கடிவாளத்தை இழுக்கவில்லை, விடவும் இல்லை.

"ஹோ!" என்றாள்.

மைதானம் முழுக்கக் கேட்டது. வேலியோரம் நின்றவளின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அந்தக் குரலை ஜாக்குலின் தன் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

பிஜிலி நின்றது. நடுங்கியது. பிறகு மூக்கால் ஊதிவிட்டு மெதுவாக நடக்கத் தொடங்கியது. மூன்றாவது சுற்றை முடித்து, சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தி, சுபிதா இறங்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக, அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் ஒன்றைச் சரியாகச் செய்திருந்தாள்.

அக்காவிடம் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்தாள். பட்டியல் வாசித்து முடிந்ததும் போகலாம், இன்னும் ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தாள்.

எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். ப்ரியங்கா கையில் காகிதம்.

"கௌதம். கீழ விழுந்தாலும் கடைசிவரைக்கும் கடிவாளத்த விடல, அதுக்காக."

சிரிப்பு எழுந்தது. கௌதம் முழங்கால் சேறோடு கை தூக்கினான்.

"சிவபிரகாஷ்."

"எஸ் மேடம்."

"ஜாக்குலின்."

சுபிதா எப்போதும்போல் தாமதித்தாள். அவள் வாயைத் திறக்குமுன் வேலியோரத்திலிருந்து பதில் வந்தது.

"எஸ் மேடம்."

*

ஆட்கள் நடமாடாத தீவன ஷெட்டுக்குள் மூவரையும் தவிர யாருமில்லை. ப்ரியங்கா மார்க் ஷீட்டையும் அட்டையையும் மேசைமேல் வைத்து, மாறி மாறி இரண்டு முகங்களையும் பார்த்தாள்.

"உன் பேர் என்ன?"

"சுபிதா."

"எவ்வளவு படிச்சிருக்க?"

"ஒம்பது."

"முதல் நாள் விழுந்தியே. தலையில அடிபட்டிருந்தா நான் ஆஸ்பத்திரியில யார் பேர எழுதியிருப்பேன்? இன்ஷூரன்ஸ் யார் பேர்ல? உங்க வீட்டுக்கு என்னன்னு போன் பண்ணியிருப்பேன்? ஜாக்குலினுக்கு அடிபட்டுடுச்சு வாங்கன்னா?"

சுபிதா தரையில் சிந்திக் கிடந்த புல்லைப் பார்த்தாள்.

"என்கிட்ட வந்து, டென்த் இல்ல, ஆனா சேத்துக்குங்கன்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா சேத்திருப்பீங்களா மேடம்?"

ப்ரியங்கா அட்டையை எடுத்து மார்க் ஷீட்டின்மேல் வைத்தாள். "மாட்டேன்," என்றாள். "ரூல் என்னோடது இல்ல."

பிறகு ஹெல்மெட்டுக்காகக் கையை நீட்டினாள். சுபிதா கழற்றிக் கொடுத்தாள்.

"இந்த பேட்ச்லயே நீதான் பெஸ்ட். அதனாலதான் எனக்கு இவ்வளவு கோபம் வருது."

அத்தோடு சுபிதாவின் விஷயம் முடிந்தது. ப்ரியங்கா ஜாக்குலின் பக்கம் திரும்பினாள். ஒரு பெண்ணாவது வேண்டும் என்று ரிசார்ட்டில் கேட்டிருக்கிறார்கள். பட்டியலை வாசிக்குமுன்பே மூன்று பெயரும் போனில் அங்கே போய்விட்டது. அதில் ஒன்று ஜாக்குலின்.

"நீங்கதான் ஒரிஜினல். குதிரை ஏறியிருக்கீங்களா?"

"இல்ல மேடம். கத்துக்கிடுவேன்."

"அங்க பீச்ல நடத்துற வேலைதான், ஓட்டுற வேலை இல்ல. மத்தத அங்க வச்சு நான் கத்துக் குடுப்பேன். ஆனா பயந்த ஆள என்னால கூட்டிட்டுப் போக முடியாது. நாளைக்குக் காலையில ஆறு மணி. பிஜிலியையே தர்றேன். நீங்களே சேணம் போடணும், நீங்களே ஏறணும், ரெண்டு சுத்து நடத்திக் காட்டணும். பக்கத்துல யாரும் நின்னு சொல்லிக் குடுக்கக் கூடாது. முடிஞ்சா வேலை உங்களுக்கு. இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆள்."

"டீக் ஹை மேடம்," என்றாள் ஜாக்குலின். ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

*

பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரே குடைக்குள் நின்றார்கள். குடை சுபிதாவுடையது.

"நான் வேணும்னு சொல்லல்ல," என்றாள் ஜாக்குலின். "மார்க் ஷீட்ட வாங்கிட்டுப் போலாம்னுதான் வந்தேன். எனக்க பேர விளிச்சாவ. வாயில வந்துட்டு."

சுபிதா பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

"நம்பல்ல இல்ல?"

"பஸ்ஸு வருது."

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை ஒன்றுதான் காலியாக இருந்தது. ஜாக்குலின் உட்கார்ந்தாள். பிறகு நகர்ந்து பாதி இடம் விட்டாள். சுபிதா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். உள்ளங்கையில் குதிரை வாசனை இருந்தது.

வீட்டில் சூசைமேரி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்து, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வேலை நம்ம வீட்ட விட்டுப் போகல்ல. அந்த மட்டும் சந்தோசம். யாரு போனா என்ன? போறது எனக்க பிள்ளதானே."

"அம்மா," என்றாள் சுபிதா.

"இந்த ஒரு தடவ விட்டுக்குடு மக்களே. அவளுக்கு வேலை போயிருக்கு. மனசு ஒடிஞ்சு வந்திருக்கா."

"போன தடவையும் ஒரு தடவன்னுதான் சொன்ன."

"அது எனக்குச் சொகமில்லாத நேரம்..."

"அந்த மார்க் ஷீட்டுல பாதி எனக்குள்ளது!"

மைதானத்துக் குரல். வீட்டுக்குள் அது பெரிதாக ஒலித்தது. எவர்சில்வர் தட்டு ஒன்று ரீங்கரித்து அடங்கியது. சூசைமேரி மிரண்டுபோய் ஜன்னலைப் பார்த்தாள்.

"பைய பேசு ஏட்டி. அடுத்த வீட்டுக்குக் கேக்கும்."

ஜாக்குலின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பாதி உனக்குள்ளதுதான். நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா ஒண்ணு சொல்லு. நான் நாளைக்குப் போகல்லன்னா அந்த வேலை உனக்குக் கெடைக்குமா?"

சுபிதா ரீங்கரித்த தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"கெடைக்காது. எவனோ ஒருத்தனுக்குப் போகும். அதுக்கு நான் போலாம்லா? ஃபேனத் தூக்கிட்டு வந்து இறங்கினவள பாத்து எதிர்த்த வீட்டுக்காரி, 'க்யா ஜாக்குலின், சுட்டி? லீவா?'ன்னு கேக்கா. எனக்கும் ஒண்ணுமில்ல சுபி. ஒரு மார்க் ஷீட்டுதான் இருக்கு."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் சுபிதாவுக்குப் பொறுக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"சொல்லித் தருவியா?" என்றாள் ஜாக்குலின்.

சுபிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நாலு மணி. இன்னும் ஒன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும்.

"தரேன்," என்றாள்.

*

துணி துவைக்கும் கல்தான் குதிரை. அதன்மேல் மடித்த ஜமுக்காளம் சேணம். அம்மாவின் பழைய சேலையைக் கல்லைச் சுற்றிக் கட்டி, அதுதான் வார் என்றாள் சுபிதா.

ஜாக்குலின் ஒரு நோட்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். எதையும் எழுதிப் படித்துத்தான் அவளுக்குப் பழக்கம். குண்டு குண்டான எழுத்து. ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்த எழுத்து.

"முன்னால வரணும். பின்னாலருந்து போகப்பிடாது, உதைக்கும். கையை விரிச்சு மூக்குக்கிட்ட காட்டு. அது மோந்து பாத்தப் பெறவு கழுத்துல தட்டு."

எழுதினாள்.

"எப்பவும் இடது பக்கமாத்தான் ஏறணும். இடது கையில கடிவாளமும் பிடரி மயிரும் சேத்துப் புடிக்கணும்."

"பிடரிய இழுத்தா வலிக்காதா?"

"அதுக்கு வலிக்காது."

எழுதினாள்.

"ஏறினப் பெறவு கீழ பாக்காத. காதுக்கு நடுவுல தூரமா பாரு. குதிகால் கீழ. அப்புறம் நடன்னு சொல்லணும். வாய்க்குள்ள சொன்னா நடக்காது."

ஜாக்குலின் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். "நட." முதல் முறையே சத்தமாக, தெளிவாக வந்தது. சுபிதாவுக்கு நாலு நாள் ஆன விஷயம்.

எதையும் மறைக்காமல்தான் சுபிதா சொல்லிக் கொடுத்தாள். கடிவாளத்தை எந்த விரலுக்கு நடுவே பிடிப்பது, ஹெலிகாப்டர் வந்தால் என்ன செய்வது, நிறுத்த எப்படிப் பின்னால் சாய்வது எல்லாம் சொன்னாள். தப்பாகக் காலை வைத்தபோது குனிந்து தன் கையாலேயே அக்காவின் குதிகாலைக் கீழே அழுத்தினாள். கப்பல் பயணத்தில் கால் வீங்கியிருந்தது.

"நல்லா சொல்லித்தாற ஏட்டி. டீச்சராட்டம்," என்றாள் ஜாக்குலின். கேலியில்லை, மனதாரச் சொன்னாள்.

சுபிதா நிமிர்ந்து ஜமுக்காளத்தின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"இனி என்ன? இந்த வாரு. இத எந்த ஓட்டையில மாட்டணும்?"

சேலையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு சுபிதா நின்றாள்.

நாளை ப்ரியங்கா பக்கத்தில் இருப்பாள். ஹெல்மெட் உண்டு. மைதானம் சேறுதான். தனக்கு இரண்டு நாள்தான் வலித்தது. இல்லாவிட்டால் காலையில் பஸ்ஸில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம். காலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

"நாலாவது," என்றாள்.

"நாலாவதுன்னா சரியா இருக்குமா? லூசா இருக்காதே?"

"மாட்டும்போது நல்ல இறுக்கமாத்தான் இருக்கும்."

"பெறவு?"

"பெறவு ஏற வேண்டியதுதான்."

சூசைமேரி இரண்டு தம்ளரில் சாயா கொண்டு வந்தாள். கல்லின்மேல் ஒருத்தியும், அவள் காலடியில் ஒருத்தியுமாக இருவரையும் பார்த்து அவள் கண் கலங்கியது.

"ரெண்டு பேரும் இப்படி இருக்கத பாக்க எம்பிட்டு நல்லா இருக்கு," என்றாள்.

ஜாக்குலின் நோட்டில் நாலு என்று எழுதி, மறக்காமலிருக்க, அடியில் இரண்டு கோடு போட்டாள்.